இளவரசு இறங்கும் வரை

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து சீட்டுப் பெண் கையிலிருந்த போனையே வெறித்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்டதுதான் தாமதம், கொட்டிவிட்டாள்.

"வூட்டுக்காரரு பாம்பேயில கிரேன் ஓட்டுறாருக்கா. பேங்கு ஆபீசுங்கதான் அந்த ஏரியா பூரா. அங்க புதுசா நாப்பது மாடி கட்டுறாங்க. அதுக்கும் மேல உக்காந்திருப்பாரு. வேலை முடிஞ்சி தரையில காலு வச்சதும் மிஸ்டு கால் குடுப்பாரு. ஒரு ரிங்கோட நின்னா எறங்கிட்டாருன்னு அர்த்தம். நிக்காம அடிச்சா, வேற யாரோ பேசுறாங்கன்னு அர்த்தம்."

அன்று அங்கே காற்று ஜாஸ்தியாம். வழக்கமான நேரம் தாண்டிவிட்டது. கால் வரவில்லை.

(பேசுவதே இலவசமான காலத்தில் மிஸ்டு கால் எதற்கு என்பீர்கள். நானும் கேட்டேன். "பேசுனா, பயந்தாரா இல்லையான்னு குரல வச்சே கண்டுபுடிச்சிடுவேன்ல," என்றாள்.)

2

முதல் தொடக்கம்: ‘வானைத் தொடும் அந்தக் கண்ணாடிக் கோபுரத்தின் உச்சியில், மேகங்களுக்கு நடுவே, இளவரசு—’

நிறுத்திவிட்டேன். நான் ஏறிய அதிகபட்ச உயரம் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி. மேகத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும்? கட்டி முடிக்காத கட்டடத்துக்குக் கண்ணாடிதான் ஏது?

இரண்டாம் தொடக்கம்: ‘கோடிகள் புரளும் அந்த வட்டாரத்தில் ஓர் ஏழையின்—’

இதுவும் வேண்டாம். ஏழை என்று அவள் சொல்லவேயில்லை. புவனகிரியில் மனை வாங்கியிருக்கிறார்களாம்.*

* இளவரசு என்பதும், இனி வரும் வினோதினி என்பதும் நான் வைத்த பெயர்கள். பெயர் கேட்கிற நேரமா அது?

3

என் கதைகளை அச்சடிக்கும் ராபர்ட், பாதியைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"டீச்சர், போனு நிக்காம அடிக்கணும். அப்பதான் கதை. இல்லன்னா என்னா இருக்குது இதுல?"

எழுதிப் பார்த்தேன். ‘புதுச்சத்திரம் தாண்டியதும் வினோதினியின் போன் அடித்தது. ஒருமுறை. இருமுறை. மூன்றாவது—’

கை ஓடவில்லை. எழுதியதை அடித்துவிட்டேன். கதை நன்றாக முடிய வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷனை நாற்பது மாடிக்கு மேலிருந்து தள்ளிவிடுவதா? ராபர்ட் மேல் கோபம் வந்தது. அவர் பேச்சைக் கேட்டு எழுதிப் பார்த்த என் மேல் அதைவிட அதிகமாக வந்தது.

4

நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

"காத்து ஜாஸ்தியானா கிரேன அது போக்குல சுத்த வுட்டுட்டு எறங்கிடணுமாம். ஏணிதான்க்கா, லிப்டு அவ்ளோ ஒசரம் போவாதாம்," என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு வந்தாள் வினோதினி. ஆலப்பாக்கத்தில் போன் அடித்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முன்சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

நின்றுவிட்டது. ஒரே ரிங்.

"எறங்கிட்டாருக்கா."

அவ்வளவுதான். பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து எனக்கும் முன்சீட்டுக்காரருக்கும் நீட்டினாள். யாரென்றே தெரியாத ஒருவன் தரைக்கு வந்துவிட்டான் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை நிம்மதியாக இருந்தது. கடலூர் வரும்வரை மூன்று பேரும் முறுக்கு தின்றோம்.

5

"அப்ப கதையே இல்லியே டீச்சர்," என்றார் ராபர்ட். தாள்களை அடுக்கி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நெசமாவே எறங்கிட்டாரா?" என்று கேட்டார்.

முடிவு என்று ஒன்றை எழுத எனக்கு விருப்பமில்லை. கட்டடம் இன்னும் முடியவில்லை. நாளைக்கும் இளவரசு ஏறுவான். நீங்கள் இதைப் படிக்கும்போதும் மேலேதான் இருப்பான். தினமும் அவனைப் பத்திரமாக இறக்க நான் ஒருத்தி போதாது. ஆகவே போனை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

அடிக்கும். உடனே எடுத்துவிடாதீர்கள்.