மூன்று மைல் ஏரியில் ஒரே ஒரு குடிசை

என் மனைவி ஆர்டிஸின் அக்கா லவோன், முப்பது வருடம் பாலைவன நகரமான ஃபீனிக்ஸில் இருந்துவிட்டு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அக்டோபர் மாதம் எங்கள் ஊருக்கே திரும்பி வந்தாள். வந்தது சரி, வந்த வண்டிதான் சரியில்லை. சிவப்பு நிறம், துணிக் கூரை. பாலைவனத்தில் கூரையைத் திறந்துவிட்டுத் தலைமுடி பறக்க ஓட்டுவதற்கென்றே செய்த பழைய வண்டி. எஞ்சின் முன்னால், உந்தும் சக்கரங்கள் பின்னால். பின்பக்கம் தகர டப்பா மாதிரி லேசாக இருக்கும்.

முதல் பனி ஒரு சனிக்கிழமை விழுந்தது. மறுநாள் சர்ச் முடிந்து நாங்கள் எல்லோரும் படியில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் சர்ச் மேட்டின் மேல் இருக்கிறது. தாமதமாகப் புறப்பட்ட லவோன் அந்த மேட்டில் ஏறி வந்தாள். முக்கால்வாசி ஏறிய வண்டி நின்றது. பிறகு எங்களைப் பார்த்த முகத்தோடேயே பின்பக்கமாக இறங்க ஆரம்பித்தது. சக்கரம் சுற்றவில்லை, வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது. லவோன் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டினாள். எங்கள் ஊரில் யார் கை காட்டினாலும் திருப்பிக் காட்டுவது வழக்கம். படியில் நின்ற அத்தனை பேரும் காட்டினோம். வண்டி பாதிரியாரின் வேலிச் செடிக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான், அவள் உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறாள் என்பது எங்களுக்கு உறைத்தது.

அன்று சாப்பாட்டு மேஜையில் ஆர்டிஸ் அறிவித்தாள்.

"நாளைலருந்து நான் உனக்கு வண்டி ஓட்டக் கத்துத்தரேன்க்கா."

"நீ எனக்கா? நீ சைக்கிள்லருந்து விழுந்து மூக்க ஒடச்சுக்கிட்டு நின்னப்பவே எனக்கு லைசென்ஸ் வந்தாச்சுடி."

"வந்துச்சு. ஆனா பனி விழுந்தா அப்பாதானே உன்னக் கொண்டுபோய் விட்டாரு? முப்பது வருஷமா வெயில்ல ஓட்டுன கையி. அத வச்சுக்கிட்டு இங்க ஒரு தெருவத் தாண்ட முடியாது."

"பாதிரியார் செடிதானே போச்சு. நீ என்னமோ பாதிரியாரே போன மாதிரி பேசுற."

ஆர்டிஸ் நல்ல ஓட்டுநர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சொல்லிக் கொடுப்பதற்கு வேண்டிய ஒரு குணம் அவளிடம் கிடையாது. சர்ச் பாட்டுக் குழுவில் அவள் ஒருத்தி பாடினாலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் என்று பியானோ வாசிப்பவர் சொல்வார். அது பாராட்டா என்று நாங்கள் இதுவரை கேட்டதில்லை.

முதல் வேலையாக வண்டிக்குக் குளிர்கால டயர் போட்டாள். டிக்கியில் மண்வாரி, கம்பளி, மெழுகுவத்தி வைத்தாள். பிறகு பின்பக்கத்தைக் கையால் அழுத்திப் பார்த்தாள். அது மெத்தை மாதிரி அமுங்கியது.

"பின்னாடி பாரம் போதல. இப்பிடியே போனா வால் முன்னாடி வந்துரும். நாலு மணல் மூட்டையாவது வேணும்."

"இந்நேரத்துக்கு மூட்டைக்கு எங்க போறது?" என்றாள் லவோன்.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நான் கொஞ்சம் கனமான ஆள்தான். அதற்காக அந்த வண்டியின் பின்சீட்டில் என்னைத் திணித்தது அநியாயம். அது இரண்டு கைப்பைகள் வைப்பதற்காகச் செய்த இடம். முழங்கால் தாடையில் இடிக்க, தலை துணிக் கூரையை வெளிப்பக்கம் முட்டிக்கொண்டிருக்க, நான் உட்கார்ந்தேன். ஆர்டிஸ் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கொத்திய இறைச்சி, காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டைகள் அடுக்கி அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்தது. எங்கள் ராத்திரிச் சாப்பாடு.

"ஏங்க, இத நேரா புடிச்சுக்கங்க. அக்கா, இது சிந்தாம ஓட்டணும். அவ்வளவுதான் பாடம். முடுக்குறதும் மெதுவா, திருப்புறதும் மெதுவா, பிரேக்கும் மெதுவா. இது சிந்தலேன்னா நீ ஒழுங்கா ஓட்டுறேன்னு அர்த்தம்."

பாடம் என்னவோ நல்ல பாடம். பள்ளிக்கூடத்தின் வண்டி நிறுத்துமிடம் காலியாகக் கிடந்தது. லவோன் மெதுவாகத்தான் கிளம்பினாள்.

"மெதுவா!" என்று கத்தினாள் ஆர்டிஸ்.

லவோன் திடுக்கிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டாள். வண்டி ஒரு முழுச் சுற்று சுற்றியது. பள்ளிக்கூடம் வந்தது, கொடிக்கம்பம் வந்தது, மறுபடியும் பள்ளிக்கூடம் வந்தது. நான்கு உருளைக்கிழங்கு உருண்டைகள் என் சட்டைப் பைக்குள் வந்து சேர்ந்தன.

"நீ கத்தாம இருந்தா நான் ஒழுங்கா ஓட்டுவேன்."

"நீ ஒழுங்கா ஓட்டுனா நான் எதுக்குக் கத்தப்போறேன்?"

"வெர்லின், நீங்க சொல்லுங்க. யாரு மேல தப்பு?"

"நான் மூட்டை. மூட்டை பேசாது," என்றேன்.

டிசம்பர் முழுக்க இப்படியே போனது. ஆனாலும் லவோன் தேறிக்கொண்டுதான் வந்தாள். பிரேக்கை ஒரேயடியாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகும் என்பது காலுக்குப் புரிந்தது. விட்டுவிட்டு மிதிக்கப் பழகினாள். வால் வலப்பக்கம் போனால் ஸ்டீயரிங்கையும் வலப்பக்கமே ஒடிக்க வேண்டும் என்பதும் கைக்கு வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. எதில் மோதிவிடுவோமோ என்று பயப்படுகிறாளோ அதையே உற்றுப் பார்ப்பாள். கண் போகும் பக்கமே கையும் போகும். வண்டி நேராக அதை நோக்கிப் போகும். இப்படி ஒரு குப்பைத்தொட்டி போயிற்று, பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துக் கம்பம் சாய்ந்தது.

ஜனவரியில் ஆர்டிஸுக்கு அந்த யோசனை வந்தது. ஏரி நன்றாக உறைந்து லாரியே போகும் அளவுக்குக் கெட்டியாகியிருந்தது.

"ஏரிக்குப் போவோம். மூணு மைலுக்கு மைதானம் மாதிரி கெடக்குது. மோதறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல."

ஒன்று இருந்தது. நட்ட நடு ஏரியில், எல்ராயின் மீன்பிடிக் குடிசை.

எல்ராய் எங்கள் ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். லவோனோடு ஒரே வகுப்பில் படித்தவர். கடையை மூடிய பிறகு குளிர்காலம் முழுக்க அந்தப் பச்சைப் பெட்டிக்குள்தான் வாசம். நாலு பலகைச் சுவர், ஒரு சின்ன அடுப்பு, அடியில் சறுக்குக் கட்டைகள். தரையில் ஒரு ஓட்டை, அதற்கு நேர் கீழே பனிக்கட்டியில் ஒரு ஓட்டை, அதில் தூண்டில். அன்று காலையில்தான் புது இடம் பார்த்துக் குடிசையை இழுத்து வந்து வைத்திருந்தார்.

"அங்க யாரோ இருக்காங்க போல," என்றாள் லவோன்.

"அது எங்கேயோ இருக்குக்கா. நீ அதப் பாக்காத."

"பாக்கல."

"பாக்குற."

"நீ சொன்னதாலதான்டி பாக்குறேன்!"

வண்டியின் மூக்கு மெல்லத் திரும்பியது. வலப்பக்கம் ஒரு மைல் வெறும் பனி, இடப்பக்கம் ஒரு மைல் வெறும் பனி. நாங்கள் அந்தப் பச்சைப் பெட்டியை நோக்கி, கோடு போட்ட மாதிரி போனோம்.

"வேற எங்கேயாவது பாரு! வானத்தப் பாரு! என்னப் பாரு!"

"உன்னப் பாத்தா யாரு ஓட்டுறது?"

லவோன் விட்டுவிட்டுத்தான் பிரேக் மிதித்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். அதனால் மோதல் என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. தோளைத் தொட்டு 'கொஞ்சம் தள்ளிக்கோங்க' என்று சொல்வதுபோல, முன்பக்க பம்பர் குடிசையின் முதுகில் போய் ஒட்டியது. குடிசையும் தள்ளிக்கொண்டது. அங்கே காற்று பனியைச் சுத்தமாகத் துடைத்திருந்தது, கண்ணாடி மாதிரித் தரை. குடிசை முன்னால், நாங்கள் பின்னால், யாருக்கும் நிற்கிற உத்தேசம் இல்லை.

உள்ளேயிருந்து ஒரு அலறல் கேட்டது.

"ஐயோ, அடிபட்டிருச்சா?" என்றாள் லவோன்.

ஆனால் அது வலியில் கத்தும் சத்தம் இல்லை.

"மாட்டிருச்சு! மாட்டிருச்சுடா! யம்மாடி, என்னா இழுவை! திமிங்கிலம்டா!"

எனக்கு விஷயம் புரிய ஒரு நொடி பிடித்தது. தூண்டில் முள் பழைய ஓட்டைக்குள் கிடக்கிறது. குடிசையோ போய்க்கொண்டிருக்கிறது. எல்ராய் கையில் இருக்கும் கோலிலிருந்து நரம்பு கிர்ரென்று உருவிக்கொண்டு ஓடுகிறது. மனிதர் தன் வாழ்நாளிலேயே பெரிய மீனோடு போராடிக்கொண்டிருந்தார்.

"விடமாட்டேன்! நீயா நானா பாத்துருவோம்! வா ராசா, வா!"

"சொல்லிரலாமா?" என்று கிசுகிசுத்தாள் லவோன்.

"பாவம், கொஞ்ச நேரம் சந்தோஷமா இருக்கட்டும்," என்றாள் ஆர்டிஸ். அவள் அவ்வளவு தணிந்த குரலில் பேசி நான் கேட்டதே இல்லை.

கடைசியில் ஒரு பனித்திட்டில் சறுக்குக் கட்டைகள் புதைந்து குடிசை நின்றது. நாங்களும் நின்றோம். என் மடியிலிருந்த சாப்பாடு நிற்கவில்லை. அது முன்சீட்டுகளுக்கு நடுவே போய் ஸ்டீரியோவில் கொட்டியது.

குடிசைக் கதவு திறந்தது. வளைந்த தூண்டிலைப் பிடித்தபடி, முகமெல்லாம் பல்லாக எல்ராய் வெளியே வந்தார். நரம்பு குடிசைக்கு அடியிலிருந்து புறப்பட்டு, எங்கள் வண்டிக்கும் அடியில் புகுந்து, தொலைதூரத்தில் போய் மறைவதைப் பார்த்தார். பிறகு கரையைப் பார்த்தார். கரை வேறு இடத்தில் இருந்தது. பிறகு சிவப்பு வண்டியைப் பார்த்தார்.

"யாரு, லவோனா?"

"ஆமா எல்ராய். நல்லாருக்கியா?"

"இப்ப வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்." தூண்டிலைத் தாழ்த்தினார். "அப்ப மீனு?"

ஆர்டிஸ் எங்கள் பம்பரைக் காட்டினாள்.

"இவ்வளவு பெரிய ஏரியில எம்மேல வந்து மோதறதுக்கு உனக்கு எப்படித் தோணுச்சு?"

"தோணல. உன் குடிசையவே பாத்துக்கிட்டு இருந்தேன், வந்துட்டேன்."

எல்ராயின் காது சிவந்தது. குளிர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"என்னய்யா வெர்லின், நீ பின்னாடி என்ன பண்ற?"

"பாரம்," என்றேன்.

அவர் அதற்கு மேல் என்னை ஒன்றும் கேட்கவில்லை. லவோனிடம் திரும்பி, "எங்கேருந்து கொண்டாந்தியோ அங்கேயே கொண்டுபோய் வுடு. அவ்வளவுதான் நான் கேக்குறது. எடம் பாத்து, ஓட்டை போட்டு, தோள்பட்டை போச்சு எனக்கு," என்றார்.

"நானா? அத்தன தூரம் நேரா தள்ளிக்கிட்டா?"

"கோணலா கொண்டாந்தேல்ல? நேரா கொண்டுபோ. நான் போயி ஓட்டைகிட்ட நிக்கிறேன். என்னையே பாத்துக்கிட்டு வா."

"உன்னப் பாத்தா உம்மேலதான் வந்து நிப்பேன்."

"அப்ப என்னைப் பாக்காத. அதோ அக்கரையில தண்ணித்தொட்டி கோபுரம் தெரியுதுல்ல, அதப் பாரு. அதுல போயி மோத முடியாது."

"இவ மோதுவா," என்றாள் ஆர்டிஸ். ஆனால் வழக்கமான சத்தம் அதில் இல்லை. உருளைக்கிழங்கு உருண்டைகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள்.

நாங்கள் மூன்று பேரும் இறங்கித் தோள் கொடுத்துக் குடிசையைத் திட்டிலிருந்து கிளப்பினோம். நாங்கள் திரும்ப ஏறிக்கொண்டதும் லவோன் வண்டியைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கம் பம்பரை ஒட்டி வைத்தாள். மூச்சை இழுத்துவிட்டு, கோபுரத்தைப் பார்த்தாள். கால் அசைவதே தெரியவில்லை. குடிசை நகர்ந்தது. ஆர்டிஸ் வாயைத் திறந்தாள். நான் பின்னாலிருந்து அவள் வாயில் ஒரு உருண்டையை வைத்தேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் செய்த துணிச்சலான காரியம் அதுதான்.

வால் ஒருமுறை இடப்பக்கம் ஆடியது. லவோன் பதறவில்லை. கண்ணை எடுக்காமல் கையை மட்டும் இடப்பக்கம் ஒடித்தாள், வண்டி நேரானது. கடைசியில் காலைத் தூக்கிவிட்டு, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு எடுத்தாள். குடிசை ஓட்டைக்கு அரை அடி தள்ளி நின்றது. எல்ராய் தோளால் ஒரு முட்டு முட்டினார், ஓட்டைக்கு மேல் ஓட்டை வந்து உட்கார்ந்துவிட்டது.

"அடி சக்கை," என்றார் எல்ராய். "கடை வச்சிருந்தப்ப நாற்காலியக் கூட நான் இவ்வளவு நேரா தள்ளுனதில்ல."

அவர் உள்ளே போய் நரம்பைச் சுற்றினார். நுனியில் என் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மீன் இருந்தது. ஆக, ஏதோ ஒன்று உண்மையிலேயே மாட்டித்தான் இருக்கிறது. எல்ராய் அதை எல்லோருக்கும் காட்டிவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டார். பிறகு லவோனை மட்டும் உள்ளே வந்து காபி குடிக்கச் சொன்னார். எங்களுக்கு இடமில்லையாம். குளிரில் நானும் ஆர்டிஸும் வண்டியிலேயே உட்கார்ந்து ஸ்டீரியோவைச் சுரண்டித் தின்றோம்.

அதற்குப் பிறகு லவோன் ஏரிக்குத் தனியாகவே போய் ஓட்ட ஆரம்பித்தாள். என் இடத்தில் உண்மையான மணல் மூட்டை வந்தது.

பிப்ரவரி நடுவில் ஒரு நாள் மழையாகப் பெய்து, பெய்த உடனே உறைந்தது. அன்று பாட்டுக் குழு ஒத்திகை; லவோனும் இப்போது அதில் பாடினாள். நானும் ஆர்டிஸும் எங்கள் டிரக்கில் முன்னால் புறப்பட்டோம்.

"கொஞ்சம் மெதுவா போலாமே," என்றேன்.

"இந்த ரோட்ட எனக்கு நீங்க சொல்லித் தரீங்களா? கண்ணக் கட்டிவுட்டாலும் போவேன்."

பால்பண்ணை வளைவில் டிரக் சாலையைவிட்டு இறங்கி, மாடு படுப்பது மாதிரி நிதானமாகப் பள்ளத்தில் சாய்ந்தது. அடி ஒன்றும் இல்லை. ஆர்டிஸ் எஞ்சினை அணைத்தாள். கையுறையைக் கழற்றினாள், திரும்பப் போட்டுக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் தூரத்தில் சிவப்பு வண்டி தெரிந்தது. ஊர்ந்து வந்தது. வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, எங்களுக்குச் சற்றுத் தள்ளியே நேராக நின்று, இரண்டு பக்க விளக்கும் சிமிட்டியது. லவோன் கண்ணாடியை இறக்கினாள். அவள் பக்கத்தில் எல்ராய், தலையைப் படிய வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பாட வராது என்பது ஊருக்கே தெரியும்.

"என்னடி இங்க உக்காந்திருக்க?"

"சும்மா. வண்டிய நிறுத்தியிருக்கேன்."

"பள்ளத்துலயா?"

"ரோட்டுல நிறுத்தக்கூடாதுல்ல."

"ரொம்பச் சரி. ஏறு, நேரமாச்சு. முன்சீட்டுல எல்ராய் இருக்கான், நீ பின்னாடி வெர்லினோட உக்காரு."

"அந்தப் பொந்துலயா? நான் முன்னாடிதான்..."

"பின்னாடி."

மணல் மூட்டையைக் காலடியில் தள்ளிவிட்டு இரண்டு பேரும் நுழைந்தோம். ஆர்டிஸின் முழங்கை என் விலாவுக்குள் இருந்தது. வழி நெடுக அவள் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள்.

"பின்னாடி ஏதோ தட்டுற சத்தம் கேக்குதே. டயரா?" என்றார் எல்ராய்.

"இல்ல, என் தங்கச்சி," என்றாள் லவோன், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

சர்ச் மேட்டில் ஒரே சீராக ஏறி, வேலிச் செடியை ஏறெடுத்தும் பார்க்காமல் படியருகே நிறுத்தினாள். உள்ளே எல்லோரும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். பியானோ வாசிப்பவர் கடிகாரத்தைக் காட்டி, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்.

லவோன் தொப்பியைக் கழற்றினாள்.

"ஆர்டிஸுக்கு வர்ற வழியில பள்ளத்துல கொஞ்சம் வேலை இருந்துச்சு."