நொயெமி கூடம்

கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வந்ததும் ஓஸ்கார் ரிங்கெல் வாசல் குழாயடிக்குப் போனார். செல்மா ஓடிப்போய்க் குவளையை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கீழே வை என்று கண்ணால் காட்டினார். வைத்த பிறகு தானே எடுத்து, வலது கையில் மூன்று தரம், இடது கையில் மூன்று தரம் ஊற்றிக்கொண்டு, குவளையைக் கவிழ்த்து வைத்தார். துக்கமும் சேர்ந்து கைமாறிவிடும் என்று இந்த வாசலில் எதையும் கைக்குக் கை கொடுத்து வாங்குவதில்லை. செல்மாவுக்கும் தெரிந்ததுதான், அவசரத்தில் மறந்துவிட்டாள். காலையிலிருந்தே காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் மாதிரிதான் அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

ரூசே நகரத்து யூதர் இல்லத்துக்கு நன்கொடை திரட்டுவது பதினோரு வருடமாக அவள் பொறுப்பு. நடையாக நடப்பதும், கெஞ்சுவதும், தேவைப்பட்டால் மிரட்டுவதும் அவள்தான். ஹைஃபாவில் இருக்கும் பல் மருத்துவருக்கு எந்த மாதம் முழங்கால் வலி வரும், பாரிஸில் இருக்கும் விதவைக்குக் கடிதம் பிடிக்குமா போன் பிடிக்குமா என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ரிங்கெல் வியன்னாக்காரர், மின்தூக்கி செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவர், எழுபத்தைந்து வயது. அவர் மனைவி ரெய்னா இந்த ஊர்ப் பெண். இந்த மண்ணில்தான் கிடத்த வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டு போனவள். ஒவ்வொரு வருடமும் அவள் நினைவு நாளுக்கு அவர் தப்பாமல் வருவார், கல்லின் மேல் ஒரு கூழாங்கல்லை வைப்பார், இல்லத்துக்கு வந்து முதியோரோடு ஒரு வாய் சாப்பிடுவார், போய்விடுவார். இந்த வருடம் அவர் சும்மா போகக் கூடாது. இல்லத்தின் கொதிகலன் போன மாசியில் செத்துவிட்டது. குளிர் வருவதற்குள் புதிதாக வைக்காவிட்டால் நாற்பது பேர் மதியச் சாப்பாட்டுக்கு வரும் கூடத்தைப் பூட்டச் சொல்லி நகராட்சி எழுதியே கொடுத்துவிட்டது. ரிங்கெல் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் சாப்பாட்டு மேசையில் தயாராக இருந்தது.

அவர் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தார். கல்லறைக்குப் பக்கத்தில் நின்றபோதும் நாலைந்து தரம் பார்த்துவிட்டார். வழக்கமாக அந்த இடத்தில் அதைத் தொடவே மாட்டார்.

"வியன்னாலேர்ந்து ஏதாவது சேதி வரணுமா ஐயா?"

"மகள ஆப்பரேஷனுக்கு உள்ள கொண்டுபோயிருக்காங்க. இதயத்துல வால்வு. அடுத்த மாசம்னு சொன்னாங்க, திடீர்னு நேத்து கூப்பிட்டு நாளைக்கேன்னுட்டாங்க. நான் வரலன்னுதான் இருந்தேன். அவதான் தொரத்திவிட்டா. ‘வாசல்ல ஒக்காந்து நீ என்னப்பா பண்ணப்போற, அம்மாவ போய்ப் பாரு’ன்னா."

"கடவுளே, நம்ம நொயெ..."

"ஷ்!" அவர் கை தன்னை அறியாமல் அவள் வாய் வரைக்கும் வந்து நின்றது. "இங்க வேண்டாம். அவ பேர இங்க சொல்லாதீங்க."

காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அவர் மூச்சு விட்டார். மூன்று மணிக்கு மேல்தான் டாக்டர் பேசுவார், அதற்கு முன்னால் போன் வந்தால் நல்ல சேதி இல்லை என்று சொல்லியே அனுப்பியிருக்கிறார்கள் என்றார். கல்லறையில் வெகுநேரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தீர்களே, ஜெபமா என்று செல்மா கேட்டாள். இல்லையென்று தலையாட்டினார்.

"ரெய்னாகிட்ட சொன்னேன். தனியா இருக்கேன்னு அவளக் கூப்பிட்டுக்காதடின்னு."

நொயெமி செல்மாவுக்கு ஒரு நன்கொடையாளரின் மகள் மட்டும் இல்லை. கோடைதோறும் வந்து சமையலறையில் லீக்ஸ் வெங்காயத்தாள் நறுக்குகிறவள், கிழவர்களோடு சீட்டாடித் தோற்பவள், சிரித்தால் மூன்றாவது தெருவுக்குக் கேட்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பாதையைப் பார்த்து ஓட்டினாள்.

"நான் அளவுகோலும் கையுமா வாழ்ந்த ஆளு," என்றார் ரிங்கெல். "சிரிக்காதீங்க. எங்க ஆளுங்க வடக்கேர்ந்து வந்த யூதருங்க. எங்க வீட்ல உயிரோட இருக்கறவங்க பேர கொழந்தைக்கு வெக்க மாட்டோம், கல்லுல வெட்ட மாட்டோம், சுவத்துல எழுத மாட்டோம். மரண தூதனுக்கு மூஞ்சி தெரியாது. அவன் கையில இருக்கறது பேரு மட்டும்தான். அது எழுதியிருக்கற எடத்துக்கு வருவான். ரெய்னா உங்க ஆளு இல்லியா, உயிரோட இருந்த தன் அம்மா பேரத்தான் மகளுக்கு வெக்கணும்னு நின்னா. மூணு மாசம் சண்ட. கடைசில நான்தான் ஜெயிச்சேன்."

செல்மா வண்டியை மெதுவாக்கினாள்.

அவள் பேரே அவளுடைய அத்தையின் பேர். அந்த அத்தை தொட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தவள். ஸ்பெயினிலிருந்து வந்த யூதர்களான அவர்கள் கூட்டத்தில் உயிரோடிருப்பவர் பேரை வைப்பதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அந்த நினைப்பில்தான் அவள் யாரிடமும் கேட்காமல் அந்த வேலையைச் செய்திருந்தாள். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில், நட்டநடுவில், வெள்ளைச் சலவைக்கல்லில், கறுப்பு எபிரேய எழுத்தில்: நொயெமி கூடம். ஒரு கை அகலத்துக்கு எழுத்து.

மரியாதை மட்டும்தானா? அதையும் சொல்லிவிட வேண்டும். சுவரில் தன் பிள்ளையின் பேரைப் பார்த்த தகப்பன் பேனாவைத் திறக்காமல் போக மாட்டான் என்பது அவள் தொழிலில் கற்றுக்கொண்ட வித்தை. அந்தப் பெண்ணின் பேரைத் தூண்டிலில் மாட்டியிருந்தாள். இப்போது நினைத்தால் அவளுக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

பெட்ரோல் போட வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி வண்டியை நிறுத்தினாள். இறங்கிப் பின்பக்கமாகப் போய் இல்லத்துச் சமையற்காரி வெனெசியாவைப் போனில் கூப்பிட்டாள்.

"வெனெசியா, அந்தக் கல்ல எடுத்துடு. இப்பவே. ஏன்னு கேக்காத."

"எந்தக் கல்லடி? காலைல ஒட்டினதா? வெளையாடுறியா? அவன் சிமெண்ட்ட வெச்சுப் பூசிட்டுப் போயிட்டான். கடப்பாரை கொண்டாந்தாதான் உண்டு. கிழடுங்க எல்லாம் வந்து ஒக்காந்தாச்சு, சூப்பு ஆறுது, நீ எங்கடி இருக்க?"

"அப்ப மூடு. எதையாவது போட்டு மூடித் தொலை!"

பத்து நிமிடம் சுற்று வழியில் ஓட்டினாள். ஆற்றங்கரைப் பக்கமாகப் போனாள். தன்யூப் அன்றைக்குச் சாம்பல் நிறமாகக் கிடந்தது, எதிர்க்கரை ருமேனியா தெரியவில்லை. ரிங்கெல் எதையும் கவனிக்கவில்லை. மடியில் போனை வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார். மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.

கூடத்துக்குள் அவர்கள் நுழைந்ததும் நாற்பது கரண்டிகளும் நின்றன. வெனெசியா சொன்னதைச் செய்திருந்தாள், நன்றாகவே செய்திருந்தாள். மேசைக்குப் போடும் பெரிய வெள்ளைத் துணியை எடுத்து, நாலு மூலையிலும் ஆணி அடித்து, சுவரில் ஒரு சுருக்கம் இல்லாமல் கட்டியிருந்தாள். அதைப் பார்த்ததும் செல்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். சாவு விழுந்த வீட்டில்தான் இப்படிக் கண்ணாடியை வெள்ளைத் துணியால் மூடுவார்கள். அதைக் காட்டி ஒரு கிழவர் பக்கத்திலிருப்பவரிடம், "யாருப்பா போனது?" என்று ரகசியமாகக் கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது.

ரிங்கெல் அந்தத் துணியைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு எப்ப வந்துச்சு சேதி?" என்றார். "என்னைக் கூப்பிடாம உங்களக் கூப்பிட்டாங்களா?"

"ஐயோ, இல்ல ஐயா! ஒரு சேதியும் வரல. சத்தியமா வரல."

"சுத்துவழில கூட்டிட்டு வந்தீங்க. நான் பேசாமதான் வந்தேன். சொல்லிடுங்க, செல்மா. நான் தாங்கிக்குவேன்."

"அது கண்ணாடியே இல்ல ஐயா!"

"பின்ன எதுக்கு மூடியிருக்கு?"

அவர் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்தார். நாற்காலி ஆடியது. மகள் செத்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டிருக்கிற ஒரு மனுஷனுக்கு அப்படியில்லை என்று காட்ட வேண்டும், காட்ட வேண்டுமானால் அந்தத் துணியை எடுக்க வேண்டும், எடுத்தால் அடியில் அந்தப் பேர் இருக்கிறது. செல்மா போய்த் துணியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். ஆணிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன.

ரிங்கெல் கிட்டப் போனார். எழுத்துகளை விரலால் தடவினார்.

"இது ரெய்னாவோட கல்ல வெட்டினவன் கை."

ஆமாம். எபிரேய எழுத்து வெட்டத் தெரிந்தவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

"மரியாதைன்னு நெனச்சேன் ஐயா," என்றாள் செல்மா. பிறகு, இனி எதற்கு மறைப்பது என்று, "அது மட்டும் இல்ல. இதப் பாத்தா நீங்க மறுக்க மாட்டீங்கன்னும் நெனச்சேன். நான்தான் செஞ்சேன். வேற யாருக்கும் இதுல பங்கு இல்ல."

அவர் திட்டியிருந்தால் தேவலாம். "எத்தன மணிக்கு ஒட்டினாங்க?" என்று மட்டும் கேட்டார்.

செல்மாவுக்குத் தெரியாது. வெனெசியா கதவோரத்தில் நின்று, கரண்டியைப் பிடித்தபடி, "ஒம்போது" என்றாள்.

இங்கே ஒன்பது என்றால் வியன்னாவில் எட்டு. "எட்டு மணிக்குத்தான் அவள உள்ள கொண்டுபோனாங்க," என்றார் ரிங்கெல். நாற்காலியில் உட்கார்ந்தார். வெனெசியா அவர் முன்னால் தண்ணீர் வைத்தாள், அவர் பார்க்கவில்லை.

செல்மா அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் இரண்டு கையாலும் அந்தப் பெண்ணைப் பிடித்துத் தள்ளிவிட்டது போல இருந்தது. நம்பிக்கை, மூடநம்பிக்கை என்று பிரித்துப் பேசுகிற தெம்பெல்லாம் அப்போது அவளிடம் இல்லை. சட்டென்று தோளிலிருந்த பையை இறக்கினாள். சாவிக்கொத்து, மாத்திரை, ரசீது எல்லாவற்றையும் மேசையில் கொட்டினாள். அதில் ஒரு லெவ் நாணயம் உருண்டது. அதை எடுத்து ரிங்கெலின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"என்ன இது?"

"அவள எனக்கு வித்துடுங்க."

"என்ன சொல்றீங்க?"

"எங்க ஆளுங்க செய்யறது ஐயா. பிள்ளை உயிருக்கு ஆபத்துன்னா அடுத்த வீட்டுக்கு வித்துடுவாங்க. பேரையும் மாத்திடுவாங்க. வர்றவன் பழைய பேரச் சொல்லிக்கிட்டு வந்து தேடுவான், அப்படி ஒருத்தி அந்த வீட்ல இல்லன்னு திரும்பிப் போவான். இன்னியிலேர்ந்து அவ உங்க மக இல்ல. என் மக. பேரு மெர்காதா. வெலைக்கு வாங்கின பொண்ணுன்னு அர்த்தம்."

"இது பைத்தியக்காரத்தனம்."

"ஆமா. வித்தேன்னு சொல்லுங்க."

"உங்களுக்கு ஒரு பையன் இருக்கானே, செல்மா."

இருந்தான். வார்னாவில், கப்பலில் வேலை. அந்த ஒரு நொடியில் அவன் முகம் அவள் கண் முன்னால் வந்து நின்றது. வருகிறவன் வெறுங்கையோடு திரும்புவானா, வாங்கியவள் வீடு எது என்று விசாரிப்பானா? அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் அவர் விரல்களை விடவில்லை.

"சொல்லுங்க ஐயா."

ரிங்கெலின் உதடு அசைந்தது. "வித்தேன்."

"நான் சாட்சி," என்றாள் வெனெசியா. அவள் முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது. "நானும்," என்றார் யாருப்பா போனது என்று கேட்ட கிழவர். இன்னும் இரண்டு மூன்று குரல்கள் எழுந்தன. சூப்பு ஆறிப்போய் மேலே ஆடை படிந்தது. கையெழுத்துக்கு வைத்த காகிதம் ஒரு ரொட்டித் தட்டுக்கு அடியில் கிடந்தது, அதை யாரும் தொடவில்லை.

மணி ஒன்றரை ஆகவில்லை. ரிங்கெலின் போன் மேசையில் அதிர ஆரம்பித்தது.

எல்லாருமே பார்த்தார்கள். வியன்னா எண். அதிர்வில் அது தண்ணீர்க் குவளையை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ரிங்கெல் அதைக் கையில் எடுத்தார். அழைப்பை ஏற்கவில்லை. மூடிய இடது கையில் அந்த நாணயத்தை இறுக்கிக்கொண்டு, வலது கையால் போனைச் செல்மாவிடம் நீட்டினார். கண் அவளைக் கெஞ்சியது.

"எனக்கு மக இல்லியேம்மா," என்றார். "நீங்க எடுங்க. உங்க பொண்ணு விஷயமாத்தான் கூப்பிடறாங்க."

அது அவள் உள்ளங்கைக்கு வந்தும் அதிர்ந்துகொண்டே இருந்தது.