படத்துக்கு ஒரு துரோகி

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சினிமா எடுத்தார்கள். குளியலறைச் சாக்கடையில் சிக்கும் முடியை அறுத்துத் தள்ளும் கருவியைக் கண்டுபிடித்தவர் அவர். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே கத்தி சுழலும், அடைப்பு போய்விடும். இன்று அது இல்லாத வீடு குறைவு. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் எங்கள் குளியலறைதான் அவருடைய பரிசோதனைக்கூடம். பக்கத்து விடுதியில் அள்ளிய முடிப்பந்துகளை வாளியோடு கொண்டுவந்து கொட்டுவார். சாம்பல் நிறத்தில், சோப்பும் சளியுமாகக் கொழகொழவென்று கிடக்கும். அந்த நாற்றத்தோடுதான் குடித்தனம் நடத்தினேன். அப்போதெல்லாம் எனக்கு அருவருப்பு வந்ததில்லை.

அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். லேத் பட்டறைக்காரர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கருவியின் ஒவ்வொரு துண்டையும் கடைந்து கொடுத்தது அவர்தான். ஒருநாள் காலையில், கத்தியில் சுற்றிக்கொண்ட முடியை அண்ணன் விரலால் பிய்த்துக்கொண்டிருந்தார். "எடுத்தாச்சா?" என்று கேட்ட என் வீட்டுக்காரர், பதில் வருவதற்குள் கைப்பிடியைச் சுற்றிவிட்டார். நான் துண்டோடு குளியலறை வாசலில் நின்றிருந்தேன். அண்ணனுக்கு வலது கையில் இரண்டு விரல் முழுசாகவும் ஒன்று பாதியும் போயிற்று.

கட்டுப் பிரித்த அன்று அண்ணன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "எண்ணிப் பாரு தங்கச்சி, மிச்சம் ஏழரை. இனிமே என் பேரே ஏழரைதான். நான் யாரைப் பிடிச்சாலும் அவன் தொலைஞ்சான்" என்று சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

அதற்குமேல் அவரால் லேத்தில் நிற்க முடியவில்லை. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் வேலைக்குப் போனார். போவதற்கு முன், மூடியைத் திறந்தால் கத்தி தானாக நின்றுவிடுகிற மாதிரி ஒரு பூட்டை, இடது கையால் கோணல்மாணலாக வரைந்து கொடுத்தார். அந்தப் பூட்டைப் பொருத்திய பிறகுதான் கருவி விற்கவே தொடங்கியது. கம்பெனி வந்தது, கார் வந்தது. அண்ணன் பேர் மட்டும் எதிலும் வரவில்லை.

கதை கேட்க வந்த இயக்குநர் எங்கள் கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். "சார், கஷ்டம் இருக்கு, ஜெயிச்சது இருக்கு. ஒரு துரோகி மட்டும் இல்ல. துரோகி இல்லாம இடைவேளைய எங்க சார் விடுறது?"

என் வீட்டுக்காரர் மோவாயைத் தடவினார். "கூட ஒரு லேத்காரன் இருந்தான். பாதியில விட்டுட்டுப் போயிட்டான்."

"எதையாவது தூக்கிட்டுப் போனானா?"

"அப்படியும் வெச்சுக்கலாம்."

காபித் தட்டோடு நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

முதல் காட்சிக்குக் கம்பெனியிலிருந்து பழைய ஆட்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பியதில் அண்ணனுக்கும் ஒன்று போய்விட்டது. தேய்த்த சட்டையும் மகளுமாக வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நம்ம பாத்ரூமெல்லாம் காட்டுவாங்களா தங்கச்சி?" என்று ஆசையாகக் கேட்டார்.

திரையில் விரல் வெட்டுப்பட்டது கதாநாயகனுக்கு. லேத்காரன் கறைப்பல்லை இளித்துக்கொண்டு வந்தான். பூட்டின் வரைபடத்தைத் திருடிப் போட்டிக் கம்பெனிக்கு விற்றான். அவனுக்கு வைத்திருந்த பேர் ஏழரை. எங்கள் வீட்டுக்குள் அண்ணன் சொன்ன வேடிக்கையைக்கூட இவர் தூக்கிக் கொடுத்திருக்கிறார். அவன் வரும்போதெல்லாம் அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. கதாநாயகன் அவனை அறைந்தபோது விசில் பறந்தது. அண்ணன் வலது கையை மெல்லத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். மகள் திரையைப் பார்க்கவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கம் திரும்பினேன். என் வீட்டுக்காரர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பொய்க் கண்ணீராக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போனது தன் விரல்தான் என்று மனுஷன் நம்பியே விட்டார். அந்த முடிப்பந்து நாற்றத்துக்கு வராத அருவருப்பு அப்போது வந்தது.

படம் முடிந்ததும் எங்களை மேடைக்கு அழைத்தார்கள். "அம்மா ஒரு வார்த்தை பேசணும்" என்று என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"விரல் போனது இவருக்கு இல்லீங்க. அதோ உக்காந்திருக்காரே, எங்க அண்ணன், அவருக்கு. கைப்பிடியைச் சுத்தினது என் வீட்டுக்காரர். அந்தப் பூட்டை வரைஞ்சதும் அண்ணன்தான். அவர் எதையும் திருடல."

இயக்குநர் பாய்ந்து வந்து மைக்கை வாங்கினார். "பாத்தீங்களா! துரோகம் பண்ணவரைக்கூட விட்டுக்கொடுக்காத மனசு! இந்த மனசுதாங்க சாரோட வெற்றி!"

அரங்கமே எழுந்து கைதட்டியது. என் வீட்டுக்காரரும் தட்டினார்.

நான் வெளியே ஓடினேன். அண்ணன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். "நீ சொன்னதே போதும் தங்கச்சி," என்றார். "ஆனா நீ ஒரு தடவைதான் சொன்ன. படம் தினமும் நாலு தடவை சொல்லும்."

அப்படியேதான் ஆயிற்று. மேடையிலிருந்து நான் அண்ணனைக் கைகாட்டிய வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. குடியிருப்பில் காரை எடுக்க வருகிறவர்கள், "என்ன ஏழரை, இங்க எதைத் தூக்கப்போற?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்களாம். விளையாட்டுக்குத்தான் கேட்டார்கள். ஒரு மாதத்தில் அண்ணன் அந்த வேலையை விட்டார்.

அண்ணன் மகள் இவர்மேலும் படத்தின்மேலும் வழக்குப் போட்டிருக்கிறாள். முதல் சாட்சி நான். கட்டின புருஷனையே கூண்டில் ஏற்றுகிறாள் என்று சொந்தபந்தம் காறி உமிழ்கிறது. உமிழட்டும். அந்த மேடையில் கைதட்டிய கையால் எடுத்துப் போடும் சோறு எனக்கு இறங்கவில்லை. அக்கா வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது.

வாரத்துக்கு ஒருமுறை அவர் போன் செய்கிறார். போன வாரம் குரலில் ஒரே குழைவு.

"ரெண்டாம் பாகம் பேசிட்டிருக்காங்க. நீ கோவிச்சுட்டுப் போயிட்டுத் திரும்பி வர்ற மாதிரி. உன்னை ரொம்ப நல்லவளாக் காட்டுறேன்னு சொல்றாரு டைரக்டர். என்ன சொல்ற?"

நான் போனை வைத்துவிட்டேன்.