டிராயருக்குள் தட்டும் சத்தம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சத்தியம் செய்யச் சொன்னால், எரிகிற பல்பின் மேல் கை வைத்துச் செய்யத் தயார். எங்காவது ஓரிடத்தில் கதை பெருத்துக் கிடப்பதாகத் தோன்றினால், அந்த இடத்தில் உண்மையே அப்படித்தான் வீங்கிக் கிடந்தது என்று அர்த்தம். சொல்கிறவர் கை அதில் படவில்லை.

அந்த வீட்டு முன்னறையில் இரண்டு மேசைகள். ஜன்னலோரம் கணவர், சுவரோரம் மனைவி. இருவருக்கும் ஒரே தொழில்: கடைக்காரர்களுக்கும் டாக்டர்களுக்கும் இணையதளம் செய்து கொடுப்பது. ஒரே தொழில்தான், ஆனால் ஆளுக்கொரு பைத்தியம்.

அவருக்கு வேகப் பைத்தியம். எந்தப் பக்கத்தைக் கையில் கொடுத்தாலும் இங்கே நறுக்கு, அங்கே நறுக்கு என்று இளைக்க வைத்துவிடுவார். அதனால் தொழில் வட்டாரத்தில் அவருக்குக் கத்திரி என்று பெயர். செருப்புக் கடை ஒன்றுக்கு அவர் செய்து கொடுத்த பக்கம், வாங்கலாமா வேண்டாமா என்று ஆள் யோசிக்கத் தொடங்கும்போதே ‘வாங்கியதற்கு நன்றி’ என்று வந்து நிற்கும். கடைக்காரரே நேரில் வந்து, “சார், கொஞ்சம் மெதுவா ஓடுற மாதிரி பண்ணிக் குடுங்க, ஜனங்க மிரளுறாங்க” என்று கெஞ்சினார்.

மனைவிக்குப் பாதுகாப்புப் பைத்தியம். அவருக்குப் பெயர் பூட்டம்மா. பல் டாக்டர் ஒருவரின் தளத்துக்கு அவர் போட்ட காவலை உடைக்க வந்த திருடன், விதவிதமான பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்துக் குழம்பி, கடைசியில் தன்னுடைய பாஸ்வேர்டையே மறந்துபோனான். வேறு வழியில்லாமல் பூட்டம்மாவுக்கே எழுதி உதவி கேட்டான். “எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட் வெக்காதே தம்பி” என்று புத்தி சொல்லி, அதை அவர் மீட்டுக் கொடுத்தார்.

“நீ மாட்டுற ஒவ்வொரு பூட்டும் என் பக்கத்துக்கு மூட்டை சுமக்குற மாதிரி” என்பார் கத்திரி.

“நீங்க நறுக்குற நறுக்குல ஒருநாள் வாசக்கதவே காணாமப் போயிடும்” என்பார் பூட்டம்மா.

இப்படியே முப்பது வருஷமாகக் குடித்தனம் நடந்தது. பிறந்தது ஒரே மகள். வேகத்தில் அப்பா, அழுத்தத்தில் அம்மா.

அந்த மகள் கப்பலில் இன்ஜினியர் வேலைக்குக் கிளம்பினாள். கடல் என்றதும் கத்திரிக்குப் பயம். பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவருக்கு அது வராது. அதற்குப் பதிலாக, “போறதுன்னா போ. திரும்பி வந்தா இந்தக் கதவு திறக்காது” என்றார். மகள் பெட்டியைத் தூக்கினாள். பழைய கைபேசியை மேசை டிராயரில் போட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கத்திரி வாழ்நாளில் நறுக்காமல் விட்ட ஒரே வாக்கியம் ‘கதவு திறக்காது’தான்.

கப்பல் கரையைத் தொடும்போதெல்லாம் மகள் அம்மாவிடம் பேசுவாள்.

“அப்பா பக்கத்துல இருக்காரா?”

“இருக்காரு.”

“அப்ப நான் அப்புறமா பேசுறேன்மா.”

கத்திரியின் எண்ணிலிருந்து எது போனாலும் அவளிடம் சேராதபடி அடைத்து வைத்திருந்தாள். அம்மா பெண் அல்லவா. டிராயரில் கிடந்த கைபேசிக்கோ, பூட்டம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி விடாமல் சார்ஜ் போட்டு வந்தார். எதற்கு என்று கத்திரி கேட்டதில்லை. கேட்டால் தனக்கும் அழுகை வந்துவிடும் என்று பயம்.

இந்த நிலையில்தான் அந்தச் செய்தி வந்தது. மகளுடைய ஒப்பந்தம் முடிகிறது. ஊருக்கு வருகிறாளா, இல்லை நடுவழியிலேயே அடுத்த கப்பலுக்கு மாறுகிறாளா என்று வெள்ளிக்கிழமைக்குள் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். அடுத்த கப்பல் உலகத்தின் அடுத்த முனைக்குப் போகிறது. ஏறிவிட்டால் வருஷக் கணக்கில் முகம் பார்க்க முடியாது.

“நீ சொல்லேன், அப்பா வரச் சொன்னாருன்னு” என்றார் கத்திரி, திரையைப் பார்த்தபடியே.

“அந்தத் தபால்காரர் வேலைக்கு ஆள் நான் இல்ல. உங்க வாயால சொன்னத நீங்களே எடுங்க.”

“எனக்குப் பேச வராதுன்னு உனக்குத் தெரியாதா?”

“வந்ததே அன்னிக்கு, நல்லா!”

பேச வராதவருக்குத் தெரிந்தது பக்கம் செய்வது ஒன்றுதான். மகளுக்கென்று ஒரு பக்கம் செய்ய உட்கார்ந்தார். வீட்டைச் சுற்றிக் காட்டும் வீடியோ, ஆல்பத்திலிருந்த படமெல்லாம், பின்னணியில் அவள் சின்ன வயதில் பாடிய பாட்டு, அலங்கார எழுத்து. அதோடு ‘நான் அன்றைக்கு அப்படிச் சொன்னதற்கான காரணங்கள்’ என்று ஒரு நீண்ட கட்டுரை.

செய்து முடித்ததும், பக்கத்தை எடை பார்க்கும் கருவியில் ஏற்றினார். கப்பலில் இணையம் நூல் மாதிரி வரும், அதையும் மாலுமிகள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். கருவியில் அந்த வேகத்தை வைத்துத் திறந்து பார்த்தார். வெள்ளைத் திரை. குளித்துவிட்டு வந்தார். வெள்ளைத் திரை. டீ குடித்தார். அப்போதுதான் மேலே ஒரு கோடு எட்டிப் பார்த்தது. கருவி கொடுத்த மதிப்பெண் சிவப்பில் எரிந்தது. ஊருக்கெல்லாம் பச்சை வாங்கிக் கொடுத்த மனிதர், சொந்த மகளுக்குச் செய்ததில் ஃபெயில்.

கத்திரியை எடுத்தார். வீடியோ போயிற்று. பாட்டுப் போயிற்று. அலங்கார எழுத்துக்குப் பதில் எல்லாக் கருவியிலும் ஏற்கெனவே இருக்கும் சாதா எழுத்து வந்தது. படம் ஒன்றே ஒன்று போதும் என்று முடிவாயிற்று: மூவரும் சோபாவில் உட்கார்ந்திருக்கும் படம். சுவரை வெட்டினார், திரைச்சீலையை வெட்டினார், சோபாவை வெட்டினார். இன்னும் கனமாகவே இருந்தது. தேடிப் பார்த்தால், கால்வாசி எடை அவருடைய தொப்பை. அதையும் வெட்டினார். கடைசியில் மிஞ்சியது மூன்று முகங்கள். அதில் அவர் முகம் ஓரத்தில், எப்போதும் போல முறைத்துக்கொண்டு.

கட்டுரையைத் தொடவில்லை. எழுத்துக்கு எடையே இல்லை என்று அவருக்குத் தெரியும்.

பூட்டம்மா பின்னால் வந்து நின்று படித்தார்.

“ஏங்க, ஆள் வந்ததும் கண்ணுல படுறது முதல்ல வரணும், மத்ததெல்லாம் அப்புறம்னு ஊருக்கே வகுப்பு எடுப்பீங்களே.”

“ஆமா. அதுக்கென்ன?”

“உங்க மன்னிப்பு எங்க இருக்கு?”

கத்திரி கீழே தள்ளிக் காட்டினார். காரணங்கள், விளக்கங்கள், ‘ஒரு தகப்பன் என்ற முறையில்’ எல்லாம் ஓடி முடிந்து, அடியில், பக்கத்தின் குதிகாலில் இருந்தது அது.

“அது வரைக்கும் அவ எங்க இறங்கப் போறா? பாதியில மூடிட்டுப் போயிடுவா.”

கத்திரி முதல் காரணத்தை அழித்தார். வலித்தது. இரண்டாவதை அழித்தார். அது அவ்வளவு வலிக்கவில்லை. மூன்றாவதைப் படித்துப் பார்த்தபோது, அதில் காரணமே இல்லை, வெறும் பயம்தான் இருந்தது. எல்லாம் போன பிறகு மிஞ்சியது:

‘தப்பு என்னோடது. வாம்மா.’

பக்கம் அவ்வளவு லேசாகிவிட்டது. ஃபேன் போட்டதும் லேப்டாப் திரை மேசையைவிட்டு எழும்பப் பார்த்தது. பூட்டம்மா ஓடிவந்து டீ டம்ளரை மேலே வைத்தார்.

“சரி, இப்ப நகருங்க. நான் பூட்டணும்.”

“இதுக்குமா?”

“வீட்டு விஷயம். திறந்தா போட முடியும்? ஊர்ல எத்தனை ரோபோ எந்தக் கதவு திறந்திருக்குன்னு தட்டிட்டுத் திரியுது.”

பாஸ்வேர்ட் வைத்தார். அது போதாதென்று, உள்ளே வருகிறவளின் கைபேசிக்கு ஓ.டி.பி. போகும்படி செய்தார். அவருடைய விதி, மூன்று முறை தவறினால் ஒருநாள் முழுக்கக் கதவு திறக்காது. மகளின் எண்ணை யாரிடமும் கேட்காமல் மனப்பாடமாக அடித்தார். முகவரியையும் பாஸ்வேர்டையும் மகளுக்கு அனுப்பிவிட்டு, அப்பா எழுதியிருக்கிறார் என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை. கத்திரி ஜன்னலோரம் உட்கார்ந்து, வராத வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைக்குள்ளிருந்து ‘ஞ்ஞ்’ என்று ஒரு சத்தம்.

“வண்டா?” என்றார்.

பூட்டம்மா எழுந்து வந்து டிராயரை இழுத்தார். பழைய கைபேசி வெளிச்சமாகத் துடித்துக்கொண்டிருந்தது. திரையில் ஓ.டி.பி.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மனப்பாடமாக அடித்த எண், மகள் டிராயரில் போட்டுவிட்டுப் போன கைபேசியின் எண். நடுக்கடலில் பிள்ளை கதவைத் தட்டுகிறாள். சாவி வீட்டுக்குள் கிடக்கிறது.

“வந்துட்டாடி!” கத்திரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “தட்டுறா பாரு. அத அவளுக்கு அனுப்பு!”

பூட்டம்மா கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறினார். “ஓ.டி.பி.ய யாருக்கும் சொல்லாதீங்கன்னு ஊர் ஊரா பேசினவ நான்…”

“யாருக்கோவா சொல்லப் போற? பெத்த பொண்ணுடி!”

“சொல்லத்தான் போறேன், ஆனா போய்ச் சேரணுமே. அந்த நூல்ல இது ஊர்ந்து போறதுக்குள்ள காலாவதி ஆயிடும்.”

அனுப்பினார். அது போவதற்குள் டிராயர் கைபேசி மறுபடி துடித்தது. இரண்டாவது தட்டல். முதல் ஓ.டி.பி. காலாவதி ஆகி ஒரு தவறாகிவிட்டது, இதுவும் நேரத்துக்குப் போய்ச் சேராது. இன்னும் ஒரு முறைதான். அதுவும் தவறினால் கதவு நாளைக்குத்தான். மகளுக்கு நாளை என்ற ஒன்று கிடையாது.

கத்திரி கைபேசியையே பார்த்தார். திறக்காது என்று வாயால் சொன்னவர் அவர். இப்போது நிஜமாகவே திறக்கவில்லை.

“பூட்டக் கழட்டு” என்றார்.

“எதை?”

“எல்லாத்தையும்.”

“உலகமே படிக்கும்ங்க. நீங்க மன்னிப்பு கேக்குறத பல் டாக்டர்லேருந்து செருப்புக் கடைக்காரர் வரைக்கும் எல்லாரும் பாப்பாங்க.”

“பாக்கட்டும். கதவு திறக்காதுன்னு சொன்ன நாய் நான்தானே. திற.”

பூட்டம்மா தன் தொழில் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பூட்டைக் கழற்றினார். ஓ.டி.பி. போயிற்று, பாஸ்வேர்ட் போயிற்று, காவல் போயிற்று. பூட்டின் கனமும் போனதும் பக்கம் டீ டம்ளரோடு ஒரு சாண் எழும்பியது.

முதலில் வந்தது ரோபோக்கள்தான். பூட்டம்மா தளத்தின் வருகைப் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னார். ஓட்டை தேடி வந்த ஒரு திருட்டு ரோபோ, அந்த இரண்டு வரிக்கு முன் கொஞ்ச நேரம் நின்றது. எதையும் எடுக்காமல் திரும்பிப் போனது. போகிறபோது, பூட்டம்மா கவனிக்காமல் விட்ட ஒரு பழைய ஓட்டையை அடைத்துவிட்டுப் போனதாகவும் பதிவில் இருக்கிறது. அடுத்து, செருப்புக் கடைக்காரர் போன் செய்து, “சார், என் பையன் பேசி ரொம்ப நாளாச்சு, இந்த மாதிரி ஒண்ணு எனக்கும் செஞ்சு தருவீங்களா?” என்று கேட்டார். கத்திரி போனை வைத்துவிட்டார். அவர் கண் அந்த வருகைப் பதிவைவிட்டு அகலவில்லை.

“இந்தா… இது கரையிலேருந்து இல்லீங்க” என்றார் பூட்டம்மா மெல்ல. “கடல்லேருந்து.”

ஒரு வருகை. ஒரே ஒரு வரி. பக்கம் முழுதும் திறந்தது என்று எழுதியிருந்தது. கப்பலின் நூலில் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்திருக்கிறது. கத்திரி செய்ததிலேயே வேகமான பக்கம் அதுதான்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் ஆயிற்று. பூட்டம்மா தட்டில் சோறு வைத்தார், கத்திரி தொடவில்லை. “நறுக்கினது ஜாஸ்தியா போச்சோ? ஒரு காரணமாவது விட்டிருக்கணுமோ?” என்று புலம்பினார்.

“சும்மா இருங்க. சரியான அளவுதான்.”

டிராயருக்குள் ‘ஞ்ஞ்’ என்றது.

ஓ.டி.பி. அனுப்பும் ஏற்பாடே இப்போது இல்லை. கத்திரியின் கை போன வேகத்தில் டிராயர் கழன்று மடியில் விழுந்தது. மகள் இன்ஜினியர் அல்லவா, ஓ.டி.பி. எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டாள். தன் பழைய எண்ணுக்கே எழுதியிருந்தாள்:

‘கம்பெனிக்குச் சொல்லிட்டேன், வரேன். பூட்டைத் திரும்பப் போடச் சொல்லுங்கப்பா, திருடன் வந்துடப் போறான். படத்துல உங்க தொப்பை எங்க?’

கத்திரி அதை மனைவிக்குப் படித்துக் காட்டத் தொடங்கினார். ‘அப்பா’ என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டது. மீதியைப் பூட்டம்மாதான் படித்தார். அவருக்கும் கண்ணாடி கலங்கியிருந்ததால், தொப்பையை இரண்டு முறை படித்தார்.

அன்று சாயங்காலம் கத்திரி வாசலுக்குப் போய் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளையே கழற்றி வைத்தார். அவள் வருகிற வரைக்கும் அது சமையலறை மேடையில்தான் கிடந்தது. பூட்டம்மா அதைச் சுற்றித்தான் காய் நறுக்கினார்.

இதுவும் சத்தியம்: அத்தனை முறை துடித்த அந்த டிராயர் கைபேசியின் சிம் கார்டை, மகள் கிளம்பிய அன்றைக்கே கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.