காலிமனையில் பருந்துகள்

மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி, இடுப்பில் கைக்குழந்தையோடு படிகளில் விழாத குறையாக ஓடிவந்தபோது, கோழிக்கடைக்காரர் கீழே கடையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். வெடித்த சத்தம் அவருக்கும் கேட்டிருந்தது. தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். அப்போதுதான் கிளம்பிய விமானம், ஒரு பக்க எஞ்சின் விட்டுவிட்டுத் தீயைக் கக்க, தண்ணீர்த்தொட்டிகளை உரசிவிடும் தாழ்வில் வீடுகளுக்கு மேலே போய், பள்ளிக்கூடத்துப் பக்கமாகத் திரும்பியது. மூத்தவள் அங்கே மூன்றாம் வகுப்பில் இருந்தாள்.

வட்டமடித்துப் பத்திரமாக இறங்கிவிட்டதாகக் கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. எஞ்சினுக்குள் பருந்து போய்விட்டதாம். தெரு மூச்சுவிட்டது. அவரால்தான் முடியவில்லை. குப்பை வண்டி மூன்று நாளாக வரவில்லையென்று, அன்று காலையில்தான் ஒரு டிரம் கோழிக்குடலைக் கடைக்குப் பின்னாலிருந்த காலிமனையில் கொட்டியிருந்தார். விமான நிலையத்தில் பறவைகளைக் கவனிக்கும் அதிகாரி போன மாதமே வந்து, கழிவை மூடி வைக்கச் சொல்லியிருந்தார். அந்த மனிதர் தலை மறைந்ததும், பருந்துக்கு நானா பத்திரிகை வைத்தேன் என்று கேட்டு, கோழி வாங்க வந்தவர்களையெல்லாம் சிரிக்க வைத்தவர் இவர்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடி, சன்னல் வழியாக மகளை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினார். கை சும்மா நிற்கவில்லை. கழுவிய பலகையையே மறுபடி கழுவினார். மனைவி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு கேட்டாள்.

"பிளேன்ல எத்தனை பேராம்?"

"நூத்தறுபதாம்."

"நம்ம தெருவை விட்டுட்டு எண்ணியிருக்காங்க."

மாலையில் அதிகாரி வந்து விசாரித்தார். இங்கே யாரும் கொட்டுவதில்லை, வெளியாட்கள்தான் வண்டியில் வந்து போட்டுவிட்டு ஓடுகிறார்கள் என்று எதிர்க்கடை மளிகைக்காரர் அடித்துச் சொன்னார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். எல்லாம் இவரைக் காப்பாற்றத்தான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், கடை பிழைத்துக்கொள்ளும். அதிகாரி எழுதிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார்.

கடைக்காரர் பலகையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினார்.

"சார், நான்தான் கொட்டினேன்."

அதே நேரம் ஒரு விமானம் தெருவையே நடுங்க வைத்துக்கொண்டு மேலே ஏறியது. அதிகாரி காதருகே கையைக் குவித்து, என்ன என்று தலையசைத்தார். மளிகைக்காரரும் மற்றவர்களும் அதற்குள் நெருங்கி வந்துவிட்டிருந்தார்கள். ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி, சத்தம் முழுதாக அடங்கட்டும் என்று அவர் காத்து நின்றார்.