கடுகு வெடிக்கும் நேரம்

கொச்சி மட்டாஞ்சேரியில் அந்தச் சந்துக்காரர்கள் சாயங்காலம் நாலு மணிக்குக் கடிகாரம் பார்ப்பதில்லை. சங்கரலிங்கத்தின் சைக்கிள் மணி சந்து முனையில் அடித்ததும் அவர் மனைவி பாக்கியலக்ஷ்மியின் தாளிப்புக் கரண்டியில் கடுகு வெடிக்கும். கொஞ்சம் உளுந்து, கிள்ளிப் போட்ட வற்றல், கறிவேப்பிலை, பெருங்காயம். எல்லாம் சேர்ந்து சொய்ங்கென்று குழம்பில் இறங்கும்போது அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருப்பார். அடுத்த வீட்டு ஜுமைலா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சாயாவுக்குத் தண்ணீர் வைப்பாள்.

குழம்பை முன்னாலேயே தாளித்து மூடி வைத்தால் குடி முழுகிப் போய்விடாதுதான். ஆனால் பாக்கியம் ஒப்புக்கொள்ள மாட்டாள். தாளிப்பு என்பது அந்த நிமிஷத்து வாசனை. பத்து நிமிஷம் தாண்டினால் அது வேறு சரக்கு. விடியுமுன் வேலைக்குப் போன மனிதர் திரும்பி வரும்போது வாசலுக்கே போய் அவரைக் கூட்டி வர அவளிடம் இருந்தது அந்த வாசனை ஒன்றுதான். அதற்காகக் கரண்டியில் எண்ணெய் ஊற்றி, கடுகையும் போட்டு வைத்துக்கொண்டு, மணிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டியபடி அடுப்பருகே நிற்பாள். மணி கேட்டபின் அடுப்பைப் பற்றவைப்பாள். தினமும் இந்தக் கூத்து.

இவ்வளவும் யாருக்காக நடந்ததோ அவர் சாப்பிடுவதில்லை. அதுதான் அவள் துக்கம்.

சங்கரலிங்கம் சைக்கிளை விட்டதும் நேராகப் பின்பக்கக் குழாய்க்குப் போவார். மட்டாஞ்சேரிக் குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. வராத நாளில் வாளித் தண்ணீர். முகத்தைத் தேய்ப்பார், கழுத்தைத் தேய்ப்பார், மூக்கைச் சீந்துவார். வந்து உட்கார்ந்து பால் விடாத கட்டன் சாயா ஒன்று கேட்பார். அவள் தட்டை வைத்து முதல் கரண்டி பரிமாறும்போதே கையைக் குறுக்கே நீட்டி, "மதி, மதி" என்பார். போதும் என்பதற்கு மலையாளத்தில் அப்படி. கொச்சிக்கு வந்து பாக்கியம் கற்றுக்கொண்ட மலையாள வார்த்தைகளிலேயே அவளுக்கு ஆகாத வார்த்தை அதுதான்.

அவள் சமையலில் குற்றம் சொல்ல முடியாது. சமையலறை என்று சொன்னால் அந்த இடமே சிரித்துவிடும். அது முன்னறையின் ஒரு மூலை. ஒற்றை அடுப்பு, இரண்டு மண்சட்டி, ஒரு இட்லிக் கொப்பரை, அம்மி, அரிவாள்மணை, ஆணியில் தொங்கும் அந்தத் தாளிப்புக் கரண்டி. அதிலிருந்துதான் அத்தனையும் வரும். ஒரு தேங்காய் அவள் கையில் மூன்று ஆள் வேலை பார்க்கும்: முதல் பால் மீனுக்கு, இரண்டாம் பால் கீரைக்கு, பிழிந்த சக்கை பொரியலுக்கு. பீர்க்கங்காய்த் தோலைத் துவையலாக்குவாள். வைப்பின் தீவுப் பக்கத்துப் படகு மீன் சந்தைக்கு வந்த அன்று, ஆளுக்கொரு கூறு இறால் வாங்கும் இடத்தில் இவள் தலைகளை மட்டும் வாங்கி வந்து, வறுத்து அம்மியில் பொடித்து வைத்துக்கொள்வாள். ஒரு வாரத்துக்கு எந்தக் காயும் இறால் போட்ட காய் மாதிரி மணக்கும். இத்தனை சிக்கனத்திலும் தட்டின் ஓரத்தில் ஒரு துளி சிந்திவிட்டால் துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் கொண்டுவந்து வைப்பாள்.

இந்தக் கைப்பக்குவத்துக்குக் கிறங்கிப்போன மனிதர்தான் அவர். வைட்டிலாவில் அடுக்குமாடிகள் எழுந்துகொண்டிருந்தபோது கட்டட வேலைக்கென்று இருவரும் கொச்சிக்கு வந்தார்கள். அந்த நாட்களில் அவள் கட்டிக் கொடுத்த தூக்குச்சட்டியை மதியம் காலி செய்துவிட்டு, சாயங்காலம் வந்ததும் "ஏ பாக்கியம், அந்தத் துவையல் மிச்சம் இருக்கா?" என்று செருப்பைக் கழற்றுமுன் கேட்பார். சட்டியில் ஒட்டியதைச் சோற்றுருண்டையால் துடைத்துத் தின்பார். கழுவ வேலையே வைக்க மாட்டீர்களோ என்று அவள் கேலி செய்வாள். பிறகு சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. பாரம் தூக்கக்கூடாது என்றாகிவிட்டது. பஜார் ரோட்டில் ஒரு சாயாக்கடையில் வடை போடும் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து வடை மாஸ்டர். பழம்பொரி, பருப்புவடை, உள்ளிவடை, போண்டா. இஞ்சிக் கிடங்குக்கு மூட்டை தூக்குகிறவர்களிலிருந்து அரண்மனை பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள்வரை அவர் கையால் பொரிந்ததைத் தின்னாதவர்கள் கிடையாது.

அன்றிலிருந்தே வீட்டில் அவருக்குப் பசியும் போய்விட்டது.

மகள் மகா இருந்தவரை பாக்கியத்துக்கு அது அவ்வளவாக உறைக்கவில்லை. அப்பா தள்ளி வைத்ததை மகள் இழுத்து வைத்துச் சாப்பிட்டாள். மகா நர்சிங் படிக்க பெங்களூருக்குப் போன பிறகு வீட்டில் இரண்டு தட்டு, அதில் ஒன்று சும்மா. மிச்சத்தை மறுநாள் மதியம் தனியாக உட்கார்ந்து அவளே தின்றாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

என்னென்னவோ நினைத்தாள். கடைச் சாப்பாட்டு ருசி நாக்கில் ஏறிவிட்டதோ? சீக்கோ? ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம், மூத்திரம், எல்லாம் சுத்தம். வேறு எங்காவது சாப்பிட்டுவிட்டு வருகிறாரோ என்றுகூட ஒருநாள் நினைத்து, நினைத்ததற்காக அன்று முழுக்கத் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

"ஏங்க, என் கையில ருசி போயிட்டா? சொல்லிருங்க," என்று கேட்டும் பார்த்தாள்.

"அதெல்லாம் இல்லம்மா. பசிக்கல, அவ்வளவுதான்," என்றார் அவர், கண்ணைப் பார்க்காமல்.

ருசி போதவில்லை என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். தாளிப்பில் இன்னொரு கரண்டி எண்ணெய் கூடியது. வெங்காயம் சிவக்கச் சிவக்க வதங்கியது. வற்றல் இரண்டு கூடியது. அவரோ அதற்கு ஏற்றாற்போல் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

ஜுமைலாவிடம்தான் மனம்விட்டுச் சொன்னாள். ஜுமைலா குடும்பம் மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கிறது. வீட்டில் பேசுவது தமிழ், சண்டை போடுவது மலையாளம்.

"அக்கா, இது சிம்பிள் காரியமல்லே? ஒரு செம்மீன் பிரியாணி வெச்சுக் கொடுங்க. நான் கூட இருந்து சொல்லித் தர்றேன். மனுஷன் மயங்கி விழணும், கேட்டீங்களா," என்றாள்.

பாக்கியம் நெய் வாங்கினாள். வாழ்க்கையில் முதல்முறையாக முழு இறால் வாங்கினாள். சைக்கிள் மணி கேட்டதும் நெய்யில் வெங்காயமும் முந்திரியும் பொரிந்தன. சந்து முழுக்க மணந்தது. சங்கரலிங்கம் வாசலில் வந்து நின்றவர், உள்ளே ஒரு காலை வைத்துவிட்டு அப்படியே திரும்பிக் குழாயடிக்குப் போய்விட்டார். அன்று குளித்து முடிக்க அரைமணி நேரம் ஆனது. பிறகு வந்து இரண்டு வாய் தின்றார். மதி.

மிச்சத்தை ஜுமைலா வீட்டுக்குக் கொடுத்தாள். ஜுமைலாவின் புருஷன் ஜாபர் சாதிக் மூன்று தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "பாக்கியக்கா, கைக்கு வளையல் போடணும்," என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூவினார். பாக்கியம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அடுத்த வீட்டு மனிதர் வாய்க்கு ருசித்து இவளுக்கு என்ன ஆகப்போகிறது? தான் ஆக்கிய சோற்றை எதிரே உட்கார்ந்து அவர் வயிறு நிறைய ஒருதடவை தின்னவேண்டும். கேட்டது அவ்வளவுதான், அதற்கே இந்தப் பாடு.

அதற்குப் பிறகு அவள் பழைய சிக்கனத்துக்கே திரும்பிவிட்டாள். மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு நாள். வீட்டில் பாதி வெள்ளரிக்காய் கிடந்தது, மஞ்சள் தோல் வெள்ளரி. அதை நறுக்கி, பச்சை மிளகாய் கீறிப் போட்டு மண்சட்டியில் வேகவைத்தாள். தேங்காய், சீரகம், இரண்டு சின்ன உள்ளி வைத்து அம்மியில் அரைத்து ஊற்றி ஒரு கொதி வந்ததும் இறக்கினாள். ஜுமைலா கொடுத்த ஒற்றை மாங்காயில் பாதியைத் தேங்காயோடு சேர்த்துத் துவையலாக அரைத்தாள். ரேஷனில் வாங்கிய சிவப்பு மட்டரிசிச் சோறு, வடித்த சட்டியில் ஆவி அடங்காமல் இருந்தது. கரண்டியில் எண்ணெய் ஊற்றிக் கடுகைப் போட்டு வைத்துக்கொண்டு நின்றாள்.

மணி அடித்தது. அடுப்பைத் திருகிப் பற்றவைத்தாள். நீலமாக ஒரு வளையம் எழும்பியது, குறுகியது, அணைந்தது. மறுபடி பற்றவைத்தாள். சிலிண்டரை ஆட்டினாள், சாய்த்தாள், ஒரு தட்டுத் தட்டினாள். காலி. சொல்லிவைத்த மறு சிலிண்டர் இன்னும் வரவில்லை. கரண்டியில் குளிர்ந்த எண்ணெயில் கடுகு அப்படியே கிடந்தது.

ஜுமைலா வீட்டுக்கு ஓடலாமா என்று எழுந்தாள். அதற்குள் சைக்கிள் சுவரில் உரசும் சத்தம். வெள்ளரிக்காய்க் கூட்டைப் பார்த்தாள். குளித்துவிட்டுத் தலை வாராமல் நிற்கிற பெண் மாதிரி வெளுத்துப்போய் இருந்தது. இதையா அவர் முன்னால் வைப்பது? அவளுக்கு அழுகை முட்டியது.

சங்கரலிங்கம் வாசலில் நின்றார். வழக்கம்போல் பின்பக்கம் திரும்பவில்லை. மூச்சை இழுத்தார். ஒருதடவை, இன்னொருதடவை.

"கேஸ் தீந்துபோச்சுங்க," என்றாள் அவள், குற்றவாளி மாதிரி. "தாளிக்கல. செத்த இருங்க, ஜுமைலா வீட்டுல போய்..."

"வேண்டாம். நில்லு. என்ன வச்சிருக்க?"

"வெள்ளரிக்காக் கூட்டு. மாங்காத் தொவையல்."

அவர் வாளியில் கைகாலை மட்டும் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சாயா கேட்கவில்லை. அவள் தயங்கித் தயங்கிச் சோற்றைப் போட்டு, கூட்டை ஊற்றி, கை குறுக்கே வரும் என்று நிறுத்தினாள். கை வரவில்லை.

"ஊத்து," என்றார்.

ஊற்றினாள். அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். துவையலைத் தொட்டு இன்னொரு வாய். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். தட்டு காலியானதும் நிமிர்ந்து பார்த்தார். அவள் மறுசோறு போட்டாள். கொஞ்சம் தட்டோரத்தில் சிந்தியது. துடைக்க அவளுக்குத் தோன்றவில்லை, அவரே விரலால் வழித்துத் தின்றார்.

"நல்லா இருக்கா?" என்று மெல்லக் கேட்டாள்.

"நல்லா இருக்கான்னா கேக்க? வாசல்ல நின்னப்பவே சோத்து வாசம் வந்துச்சு பாக்கியம். தேங்கா அரைச்ச வாசம். எத்தன நாளாச்சு தெரியுமா?" அவர் துவையலை வழித்தபடியே பேசினார். "விடியக்காலம் தொடங்கி எண்ணெச் சட்டி முன்னாலதான நிக்கேன். மூக்கு, தொண்டை, வயிறு எல்லாம் எண்ணெதான். சைக்கிள்ல வரையில காத்து பட்டு கொஞ்சம் தெளியும். இந்த வாசலுக்கு வந்தா மறுபடியும் எண்ணெ காயுத வாசம். திரும்பக் கடைக்குள்ளயே போன மாதிரி இருக்கும். அதோட வயிறு மூடிக்கிடும்."

பாக்கியம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் சட்டைகளைத் துவைப்பதே அவள்தான். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத அந்த எண்ணெய் வாடையைக் கொடியில் காயும்போதுகூட அவள் மூக்கு அறியும். சட்டைக்கே அப்படியென்றால் அதற்குள் இருக்கிற மனிதருக்கு எப்படி இருக்கும் என்று இவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. வா வா என்று அழைப்பதாக நினைத்துக்கொண்டு தினமும் தன் கையாலேயே அவரைக் குழாயடிக்கு விரட்டியிருக்கிறாள்.

"அட பாவி மனுஷா," என்றாள். "இத ஒரு வார்த்த சொன்னா என்ன?"

அவர் மிச்சச் சோற்றைக் கூட்டோடு பிசைந்தார்.

"எப்படிச் சொல்ல? மணிச் சத்தம் கேட்டு எனக்குன்னுதான நின்னு தாளிக்க. அடுப்ப வுட்டு நகராம நிக்கது எனக்குத் தெரியும். அத வேண்டாம்னு சொல்ல வாய் வரல பாக்கியம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கரண்டியில் இருந்த எண்ணெயைக் கடுகோடு சின்னக் கிண்ணத்தில் வடித்து மூடினாள். நாளை சிலிண்டர் வந்தால் மதியம் அவள் சாப்பாட்டுக்குத் தாளிக்க ஆகும். கரண்டியைக் கழுவி ஆணியில் மாட்டினாள். திரும்பி வந்து தனக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஜுமைலாவின் குரல் வந்தது. "அக்கா! என்ன நடந்துச்சு? நாலரை ஆச்சே, கடுகு வெடிச்ச சத்தத்தையே காணோம்? அண்ணன் இன்னும் வரலியா?"

பாக்கியம் பதில் சொல்ல வாயெடுத்தாள். எதிரே சங்கரலிங்கம் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, அடியில் ஒட்டியிருந்த கூட்டைச் சோற்றுருண்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டாரு ஜுமைலா," என்றாள். "சாப்பிடுதாரு."