கழுவாத துண்டு

எங்கள் குடும்பத்தில் ஆட்டுக்குடலை வேறு யார் கழுவினாலும் ஆண்கள் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். நான் கழுவினால் முகர்வதில்லை. முப்பது வருடமாக இதுதான் வழக்கம். கல்யாணமோ சாவோ, தென்னாப்பிரிக்காவின் க்ளோகோலன் ஊரில் என் அண்ணன் வீட்டு முற்றத்தில் மூன்று வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்காருகிறவள் புசெலெட்சோவாகிய நான்தான். இரைப்பையை மடிப்பு மடிப்பாக விரித்து, உள்ளே ஒட்டியிருக்கும் அரைத்த புல்லைச் சுரண்டி, வெளுத்த துணி மாதிரி ஆக்கிவிட்டுத்தான் எழுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மறைக்க ஒன்றுமில்லை.

அண்ணி இறந்து ஆறு வருடமாகிறது. அதனால் அண்ணன் மகன் மொலெஃபியின் கல்யாணத்தில் அத்தைக்கான அதிகாரத்தோடு மாமியாருக்கான அதிகாரமும் என் கைக்கு வந்துவிட்டது. இரண்டையும் நான் குறைவில்லாமல் செலுத்தினேன் என்பதை ஊரே சொல்லும்.

பெண் ஜோஹன்னஸ்பர்க்காரி. பெயர் செயிபாட்டி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. சனிக்கிழமை காலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, தலை குனிந்து, ஒழுங்காகத்தான் வந்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய சித்தி இரண்டு ஐஸ் பெட்டிகளை இறக்கினாள். பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் நாய் இறங்கியது.

ஐஸ் பெட்டியைப் பார்த்து நான் ஆச்சரியப்படவில்லை. புதுப்பெண்ணுக்கென்று ஆடு அறுக்கும்வரை அவள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டைத் தொடமாட்டாள், பிறந்த வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததைத்தான் சாப்பிடுவாள். ஆடு மறுநாள் காலையில். அதுவரை கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும், வீட்டின் வெளிவாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மாப்பிள்ளை வீடு பிடிக்காமல் ஓடிவிட்டாள் என்று கணக்கு.

"எதுக்கு ரெண்டு பெட்டி?" என்றேன்.

"சின்னது எனக்கு அத்தை. பெருசு டௌவுக்கு."

டௌ என்றால் எங்கள் மொழியில் சிங்கம். நான் நாயைப் பார்த்தேன். விலா தெரிய, ஒரு காது மடிந்து, யாராவது அதட்டினால் மேசைக்கடியில் போய்விடுகிற முகம்.

"இதுவா சிங்கம்? எங்க ஊர்ல பூனையே இதைவிட நல்லா இருக்குமே" என்றேன். செயிபாட்டி போர்வைக்குள்ளேயே சிரித்துக்கொண்டாள். கோபித்துக்கொள்ளவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. சொல்லிக்காட்டவில்லை.

சிங்கத்தின் சாப்பாட்டை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். பின்னறையில் அவள் சின்னத் தராசு ஒன்றை வைத்து நிறுத்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கோழிக் கழுத்து இரண்டு. ஈரல் ஒரு விரல் நீளம். இதயம். ஓட்டோடு நொறுக்கிய முட்டை. அதற்குப் பக்கத்தில் கரும்பச்சையாக ஏதோ ஒன்று. வாசனை வாசல்வரை வந்தது.

"இது என்னம்மா?"

"மாட்டு இரைப்பை அத்தை. கழுவாதது."

"கழுவாததா? ஏன், ஜோஹன்னஸ்பர்க்ல தண்ணி வர்றதில்லையா?"

"கழுவினா அதுல இருக்கிற சத்து போயிடும் அத்தை. இவனுக்கு அதுதான் ஒத்துக்குது."

அவள் கைபேசியை எடுத்து ஒரு படம் காட்டினாள். அதே நாய். ஆனால் முதுகில் ரோமம் இல்லை, தோல் முழுக்கச் சிவந்து, தன் காலைத் தானே கடித்துப் புண்ணாக்கி வைத்திருந்தது. கடையில் விற்கும் உருண்டைத் தீனி எதைப் போட்டாலும் அரிப்பாம். இரண்டு வருடம் ஊசி, மாத்திரை. ஒன்றும் கேட்கவில்லை. பச்சைக்கு மாற்றின மூன்றாவது மாதம் ரோமம் முளைத்ததாம்.

"தனியா இருந்தேன் அத்தை. வேலை முடிஞ்சு வந்தா இவன் மட்டும்தான். இவன் ராத்திரி முழுக்கச் சொறியறதைக் கேட்டுட்டே படுத்திருப்பேன்."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் யார் மேல் என்பதில்தான் தப்பு செய்தேன். நாய்மேல் பாவப்பட்டேன்.

மதியம் விருந்து. முதல் நாளே அறுத்த மாடு மூன்று கால் இரும்புப் பானைகளில் வெந்துகொண்டிருந்தது. முற்றம் முழுக்க ஜனம், சோள பீர், பாட்டு. பீச் மரத்தடியில் கட்டியிருந்த டௌ, பானைகள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. ஊரே வெந்த கறி சாப்பிடும்போது இந்த ஜீவனுக்கு மட்டும் நாற்றம் பிடித்த பச்சைக் குடலா என்று என் மனசு கேட்கவில்லை. அதோடு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் சமையலின் ருசி தெரிந்தால் இது அந்தக் கழுவாத குடலைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்றும் ஒரு எண்ணம். மூன்று விலா எலும்பை எடுத்துப் போட்டேன். நன்றாக வெந்த எலும்பு. மடமடவென்று கடித்து விழுங்கியது. வாலை ஆட்டி என் கையை நக்கியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்று மணிக்கு அது வாந்திக்கு முயன்றது. வரவில்லை. கழுத்தை நீட்டி, முன்னங்காலை மடக்கி, பின்பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. வாயிலிருந்து நுரை. பெண்கள் கூப்பிட்ட சத்தத்தில் செயிபாட்டி கதவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்துவிட்டாள். போர்வை வாசற்படியில் கிடந்தது. புதுப்பெண் வெறும் தோளோடு முற்றத்தில் மண்டியிட்டு நாயின் வயிற்றைத் தடவுவதை எங்கள் ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

"டாக்டர்கிட்ட போகணும். இப்பவே" என்றாள்.

என் அண்ணன் செல்லோ நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஆடு அறுக்காம பொண்ணு வாசல் தாண்டறதா? மொலெஃபி நாயைக் கொண்டு போகட்டும். நீ உள்ள போம்மா."

செயிபாட்டி யாரையும் பார்க்கவில்லை. நாயை இரண்டு கையாலும் தூக்கினாள். அவள் போகத்தான் போகிறாள் என்று தெரிந்துவிட்டது. போனால் இந்த வீட்டில் அவள் பெயர் என்றைக்கும் ஓடிப்போனவள்தான். நான் போர்வையை எடுத்து அவள் தோளில் போட்டு ஊக்கு குத்தினேன்.

"அத்தை கூடப் போனா அது தாண்டினதா ஆகாது" என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது. அந்த நிமிடத்தில் நான் உண்டாக்கியது.

பக்கத்து வீட்டு மாலெரட்டோ என் கையைப் பிடித்தாள். "உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசுக்கா." நான் கையை உருவிக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தேன்.

லேடிபிராண்டில்தான் மாட்டு டாக்டர், நாய் டாக்டர் எல்லாம். முப்பத்தைந்து கிலோமீட்டர். மொலெஃபி பிக்கப் வண்டியை ஓட்ட, நடுவில் நான், ஜன்னல் ஓரம் அவள், அவள் மடியில் நாய். வழியெல்லாம் அவள் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

"அந்தக் கோழிக் கழுத்து பெருசா இருந்துச்சு. எனக்குத் தெரியும். அரைச்சுக் குடுத்திருக்கணும். கல்யாண அவசரத்துல அப்படியே போட்டுட்டேன். நான்தான் கொன்னுட்டேன் இவனை."

"இன்னும் ஒண்ணும் ஆகலையே" என்றான் மொலெஃபி.

"பச்சை போடாதேன்னு எத்தனை பேரு சொன்னாங்க. எல்லாம் எனக்குத் தெரிஞ்ச மாதிரி..."

நான் சாலையோர வேலிக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாயைத் திறக்க நான்கு முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் அடுத்த வளைவில் சொல்லலாம் என்று தோன்றியது. அந்தச் சாலையில் வளைவுகளுக்குக் குறைவில்லை. ஊர் வந்துவிட்டது.

டாக்டர் ஒரு வெள்ளைக்கார அம்மா, எங்கள் மொழியை எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவாள். எக்ஸ்ரே படத்தைத் திரையில் போட்டாள். அவள் சொல்வதற்கு முன்பே செயிபாட்டி திரைக்குப் பக்கத்தில் போய்விட்டாள். அதுவரை அழுதுகொண்டிருந்தவள், படத்தைப் பார்த்ததும் வேறு ஆளாகிவிட்டாள். குரல்கூட மாறிவிட்டது.

"இது கோழிக் கழுத்து இல்ல டாக்டர். பட்டையா இருக்கு. விலா. பாருங்க, ஊசி மாதிரி பிளந்திருக்கு. பச்சை எலும்பு இப்படி பிளக்காது."

"வெந்த எலும்புதான்" என்றாள் டாக்டர். "பச்சையா போடறதுல எனக்கும் ஆயிரம் சந்தேகம் இருக்கு, கிருமி விஷயத்துல. ஆனா வெந்த எலும்பைப் போடறதுக்கு அது எவ்வளவோ தேவலை. யாரோ கறி எலும்பு போட்டிருக்காங்க. எத்தனைன்னு தெரியுமா? எப்போ? தெரிஞ்சா நான் உள்ள எவ்வளவு தேடணும்னு தெரியும்."

மொலெஃபி உதட்டைப் பிதுக்கினான். முற்றத்தில் அவ்வளவு பேர், யாரென்று சொல்வது. நான் பேசாமல் இருந்திருந்தால் அது யாரோவின் தலையிலேயே முடிந்திருக்கும். நாயின் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மதியம் என் கையை நக்கிய அதே நாய்.

"மூணு" என்றேன். "ஒரு மணி இருக்கும். நான்தான் போட்டேன்."

டாக்டர் தலையசைத்துவிட்டு நாயோடு உள்ளே போனாள். கதவு மூடியது. செயிபாட்டி என்னைத் திரும்பிப் பார்க்க வெகுநேரம் ஆனது.

"வண்டியில ஏன் சொல்லல அத்தை?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

"முப்பத்தஞ்சு கிலோமீட்டர் நான் என்னையே கொலைகாரின்னு சொல்லிட்டு வந்தேன். பக்கத்துலயே இருந்தீங்க."

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்கிற வயதில் இருந்த பெண்கள் செத்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு என்னிடம் பயம். அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். போடவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.  அவள் சுவரில் சாய்ந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வயிற்றைக் கிழித்து மூன்றையும் எடுத்தார்கள். ஒன்றின் முனை குடலைத் தொட்டுவிட்டிருந்தது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஓட்டை விழுந்திருக்கும் என்றாள் டாக்டர். பிழைத்துக்கொள்ளும். இரண்டு நாள் அங்கேயே இருக்கட்டும். நாயை அங்கேயே விட்டுவிட்டு ராத்திரி ஊர் திரும்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடு அறுத்தார்கள். நான் மூன்று வாளியோடு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். செயிபாட்டி கதவுக்குப் பின்னால், போர்வைக்குள். முந்தின நாளிலிருந்து அவள் அவளுடைய சின்னப் பெட்டியைத் திறக்கவே இல்லை என்று சித்தி சொன்னாள்.

அண்ணன் வாசலில் நின்று குரல் கொடுத்தார். "நாய்க்கு எலும்பு போட்டது யாருன்னு தெரிஞ்சுதாம்மா?"

 உள்ளேயிருந்து அவள் சொன்னாள்: "பந்தியில யாரு கையிலிருந்தோ விழுந்திருக்கும் மாமா. விடுங்க."

அவள் என்னைக் காப்பாற்றுகிறாள் என்று புரிந்தபோது எனக்கு நேற்றைவிட அதிக வெட்கமாக இருந்தது. மருமகளுக்கு வந்த மறுநாளே இப்படிப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டேனே என்று இருந்தது.

"கையிலிருந்து விழல. நான் போட்டேன்" என்றேன், முற்றம் முழுக்கக் கேட்கும்படி. "போட்டுட்டு வண்டியில வாயை மூடிட்டுப் போனேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல. பெரிய மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல." கடைசி வரி மாலெரட்டோவுக்கு.

அண்ணன் தொப்பியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

நான் இரைப்பையைப் பிளந்தேன். உள்ளே பச்சைப்பசேலென்று புல். முதல் வாளியில் போடுவதற்கு முன்னால், நல்ல தடிமனான இடமாகப் பார்த்துப் பெரிய துண்டு ஒன்றை வெட்டி, தண்ணீர் படாமல் ஒரு டப்பாவில் வைத்தேன்.

"அக்கா, அது கழுவலையே" என்றாள் மாலெரட்டோ. பெண்கள் எல்லாரும் என் கையையே பார்த்தார்கள்.

"தெரியும்" என்றேன்.

மீதியை எப்போதும்போல் கழுவி முடித்தேன். பிறகு ஆட்டின் வெந்த முதல் கறித்துண்டை ஒரு கையிலும் டப்பாவை மறு கையிலும் எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனேன். புதுப்பெண்ணுக்கு முதல் துண்டை ஊட்டுவது அத்தையின் வேலை. அவள் வாயைத் திறப்பாளா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அவள் கறியைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்தாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். போர்வைக்குள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று குனிந்து பார்த்தேன். இரண்டும்தான்.

"ரொம்பப் பெருசா வெட்டிட்டீங்க அத்தை. அவனுக்கு இன்னும் பத்து நாளைக்கு இதெல்லாம் குடுக்கக்கூடாது."

"ஃப்ரீசர்ல இருக்கட்டும்" என்றேன். "சிங்கம்தானே. வந்து தின்னட்டும்."

அவள் வாயைத் திறந்தாள்.